காளான் ஆம்லெட்

பால் தாமஸ் ஆண்டர்சனின் ‘ஃபான்டம் த்ரெட்’ (2017) மறுபடி பார்த்தேன். 1950-களின் லண்டன். உடை தைக்கும் மேதையாக டேனியல் டே லூயிஸ், மகா கர்வி. அவரை வழிக்குக் கொண்டுவர ஆல்மா, காட்டில் பறித்த விஷக் காளானைத் தேநீரில் கலக்கிறாள். ராத்திரி வாந்தி, காலையில் குணம், உடனே கல்யாணப் பேச்சு! கடைசியில் காளான் ஆம்லெட். தெரிந்தே சாப்பிடுகிறார்.

பிரமாதமான நடிப்பு. ஆட்சேபம் ஒன்றுதான்: நிஜ விஷக் காளான் இத்தனை சமர்த்தில்லை. ‘டெத் கேப்’ என்றால் பெரும்பாலும் ஆறு மணி நேரமாவது ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி. பிறகு தேவலை போலிருக்கும். அப்போதுதான் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். சமைத்தாலும் விஷம் போகாது. நாவலாசிரியர் நிக்கோலஸ் எவன்ஸ் 2008-ல் ஸ்காட்லாந்தில் தானே பறித்த வேறொரு காளானால் சிறுநீரகங்களை இழந்தார். 2011-ல் மகள் ஒன்று கொடுத்தார்.

படத்தை ரசியுங்கள். ஆம்லெட்டுக்கு வெங்காயம் போதும்.