கதைமுடிவும் கலைஞனின் உரிமையும்

படமாளிகைக்குப் புறப்படும் நண்பனிடம் முடிவைச் சொல்லிவிடுபவனை நாம் எல்லோரும் ஏசுகிறோம். ஏசுவதில் நியாயம் உண்டு. ஆயின், அவன் கெடுத்தது எதனை என்று ஆராய்ந்து பார்ப்போர் குறைவு. ஒரு சொல்லால் முற்றாக அழிந்துபோகும் படம், அச்சொல்லுக்கு முன்னர்தான் எவ்வளவு உயிரோடு இருந்தது?

இதற்கு இரு படங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பொய்லோ, நார்செஜாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் இருவர் சேர்ந்து எழுதிய நாவல்களே இரண்டுக்கும் மூலம். 1955இல் குளூசோ நெறிப்படுத்திய ‘லே டியாபொலிக்’ படத்தின் இறுதியில், கண்டதைப் பிறருக்குச் சொல்லிச் சுவையைக் கெடுக்க வேண்டாமென்ற வேண்டுகோள் திரையிலே தோன்றுகிறது. 1958இல் அல்பிரட் ஹிட்ச்கொக் உருவாக்கிய ‘வேர்ட்டிகோ’விலோ இரகசியத்தை உடைப்பவர் நெறியாளரே! (அப்படத்தின் முடிவை நாமும் இங்கு மறைக்கப்போவதில்லை, பாராதோர் இவ்விடத்தில் ஏட்டை மடித்து வைத்துவிடலாம்.)

உயரத்தைக் கண்டு அஞ்சும் நோயால் பொலிஸ் வேலையை விட்டவன் ஸ்கொட்டி. கப்பல் கட்டும் தொழிலதிபனாகிவிட்ட பழைய கல்லூரித் தோழன் எல்ஸ்டர், தன் மனைவியைப் பின்தொடருமாறு அவனை வேண்டுகிறான். பின்தொடர்ந்தவன் அவளிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவளோ தேவாலயக் கோபுரத்திலிருந்து வீழ்ந்து இறக்கிறாள். சித்தம் கலங்கித் தேறியவன், பின்னர் சான் பிரான்சிஸ்கோத் தெருவொன்றில் அவளது சாயலுடைய ஜூடி என்ற கடைச் சிப்பந்திப் பெண்ணைக் காண்கிறான். நாவல் இறுதிவரை காத்துவைத்த உண்மையை, படம் முடிய அரைமணிக்கு மேல் இருக்கும்போதே ஜூடி எழுதிக் கிழிக்கும் கடிதமொன்று எமக்குச் சொல்லிவிடுகிறது. அந்தப் பெண்ணும் இவளே. மெய்யான மனைவியைக் கொன்று எறிவதற்காக எல்ஸ்டர் இவளை மனைவியாக நடிக்க வைத்தான். ஸ்கொட்டி இதனை அறியான், நாம் அறிவோம்.

இதன் பின்னரே படம் உயர்கிறது. இறந்தவள் அணிந்த சாம்பல் நிற உடையை ஸ்கொட்டி இவளுக்குத் தேடி வாங்குகிறான். தலைமயிரைப் பொன்னிறமாக்கச் சொல்கிறான். கொண்டையையும் அவ்வாறே முடியச் சொல்கிறான். உண்மையை அறியாதிருந்தால், ‘இவள் யார்?’ என்ற புதிரிலேயே எமது கவனம் அலைந்திருக்கும். அறிந்தமையால் ஜூடியின் முகத்தைப் பார்க்கிறோம். செல்வன் ஒருவன் தன் தேவைக்காக வேறொருத்தியாக்கிக் கைவிட்ட பெண்ணை, இப்பொழுது காதலன் ஒருவன் அன்பின் பெயரால் மீண்டும் அதே வார்ப்பில் ஊற்றுகிறான். தன்னைத் தானாகவே நேசிக்க வேண்டுமென்ற அவளது எளிய வேண்டுகோளைக் கேட்பாரில்லை. உழைத்துண்ணும் ஒருத்தி இருவருக்கும் மூலப்பொருளாகிறாள். கடைசியில் கோபுரத்திலிருந்து வீழ்பவளும் அவளே. எல்ஸ்டர் தண்டனை பெறுவதாகத் திரையில் காட்டப்படவில்லை. ஒரு திடுக்கிடலை விற்று ஹிட்ச்கொக் வாங்கியது இந்தத் துயரத்தை.

அப்படியாயின், முன்கூட்டியே சொல்லிவிடுபவன் குற்றமற்றவனா? 2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் இருவர், முடிவை அறிந்து படித்தோர் சிறுகதைகளைக் கூடுதலாகச் சுவைத்தனர் என்று கண்டனர். பின்வந்த ஆய்வுகளில் மாறான விடையும் கிடைத்தது. சுவையை அளக்கும் இந்தக் கோல் எமக்குப் போதாது. ‘வேர்ட்டிகோ’வின் முற்பகுதியில் நாமும் ஸ்கொட்டியோடு ஏமாற வேண்டும், அந்த மாயப் பெண்ணை நாமும் விரும்ப வேண்டும். விரும்பியவனுக்கே, பிறகு ஜூடியை வருத்தும் கைகளில் தன் கையும் உண்டென்பது உறைக்கும். வாசலில் நின்று உண்மையைச் சொன்னவன் அந்தக் குற்றவுணர்வை எம்மிடமிருந்து பறித்துவிடுகிறான். சொல்லவேண்டிய வேளையைத் தெரியும் உரிமை கலைஞனுடையது.

அவ்வுரிமையை வாணிபமாக்குவது வேறு. 1960இல் ‘சைக்கோ’ தொடங்கியபின் எவரையும் உள்ளே விடலாகாதென விதி செய்த இதே ஹிட்ச்கொக், அதனையே விளம்பரமுமாக்கினார். கலைஞனின் அக்கறை பாதி, வியாபாரியின் சாமர்த்தியம் பாதி.

‘வேர்ட்டிகோ’ வெளிவந்தபோது விமர்சகர் ஒருமுகமாக வரவேற்கவில்லை. 2012இல் பிரித்தானியாவின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ சஞ்சிகை உலக விமர்சகரிடையே நடத்திய வாக்கெடுப்பில் அது முதலிடம் பெற்றது. வாக்களித்தோரில் ஜூடி யாரென்று அறியாதவர் ஒருவரும் இருந்திருக்க முடியாது.