கிளிஞ்சலுக்குள் கல்லுப்பு

அந்தக் கிலுகிலுச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. என்ன ஒரு சத்தம்!

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஊரொன்றில், மாலை வகுப்புப் பிள்ளைகளோடு இசைக்கருவி செய்யப் போயிருந்தேன். இந்த மாலை வகுப்புகளுக்கான இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிவைக்கப்பட்டதே இந்தப் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான். பலூன், ரப்பர் பேண்ட் என்று பை நிறைய அள்ளிப்போனேன். பாதியைத் திறக்கவே இல்லை.

முதலில் பூவரச இலைப் பீப்பீ. சின்னதாகச் சுருட்டினால் கீச்சுக்குரல், பெரிதாகச் சுருட்டினால் கட்டைக்குரல். இதை நான் சொல்லித்தரவில்லை. இரண்டாம் வகுப்புப் பெண் எனக்குச் சொல்லித்தந்தாள். நுனியை லேசாக நசுக்கித் தட்டையாக்க வேண்டுமாம். நாகஸ்வரச் சீவாளியின் வித்தையும் அதுதானே! பிறகு கண்ணாடி பாட்டில்கள். தண்ணீர் ஏற ஏற, தட்டினால் சுருதி இறங்கும். அதே பாட்டிலை ஊதினால் சுருதி ஏறும். அதைக் கண்டுகொண்டதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப்பார்த்தது.

கடைசியில் கிளிஞ்சல். "உள்ள இன்னாக்கா போடறது?" என்றான் ஒருவன். "எங்கப்பா பாத்தியில வாரி வச்ச உப்பு மலையாட்டம் கெடக்குதே!" என்றாள் பக்கத்திலிருந்தவள். கல்லுப்பைப் போட்டு, இரண்டு ஓடுகளையும் மூடி, டேப் ஒட்டி, நூல் சுற்றிக் குலுக்கினோம்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் காட்சி இதுதான்! உமணர் எனும் உப்பு வணிகரின் வண்டியோடு வந்த மந்தி, சிப்பிக்குள் முத்துகளை அடைத்து, உமணர் வீட்டுக் குழந்தைகளோடு கிலுகிலி ஆடும். அந்தக் காட்சி கொற்கைப் பக்கம் நடப்பது. ஆனால் அதே பாட்டில் பாணர் போகும் வழியில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்வார்கள். சங்கப் பாட்டின் விளையாட்டுச் சாமான், உப்பளத் தொழிலாளியின் மகள் கையில்!

மறுவாரம் போனால், மழை ஈரத்தில் பாதிக் கிலுகிலி ஊமையாகிவிட்டிருந்தது. காய்ந்த உப்பாக மாற்றிப் போட்டதும் மறுபடி பேசின.

ஆசிரியர்களே, ஒரே ஒரு பாடவேளை ஒதுக்கிச் செய்து பாருங்கள். உப்பை மட்டும் நல்ல வெயிலில் காயவைத்துப் போடுங்கள்; ஓரத்தை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள்.