முந்துகிறவரின் காற்று

சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் முந்தி ஓடும் குதிரைக்கு ஒரு நிம்மதி இருந்தது. துரத்தி வருவதற்கும் அதே தரை, அதே வானிலை. 2024 அக்டோபர் 5-ஆம் தேதிப் பந்தயத்தோடு அந்தத் திடல் ஓய்ந்துவிட்டது. கடலில் முந்துகிறவருக்கோ அந்த நிம்மதி என்றைக்குமே கிடையாது. அவர் ஒரு காற்றில் இருப்பார், துரத்துகிறவர் இன்னொரு காற்றில்.

2010-11 பார்சிலோனா உலகப் பந்தயத்தை நான் ரசிப்பது இதற்காகத்தான். படகுக்கு இரண்டே பேர். பார்சிலோனாவில் கிளம்பி உலகைச் சுற்றி அங்கேயே திரும்ப வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் ழான்-பியேர் டிக்கும் லோயிக் பெய்ரோனும் ‘விர்பாக்-பாப்ரெக் 3’ படகில் முன்னால். ‘மாப்ஃப்ரே’யில் துரத்திய ஸ்பெயின்காரர்கள் இக்கெர் மார்ட்டினெஸும் சாபி ஃபெர்னாண்டெஸும் லேசுப்பட்டவர்கள் அல்லர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ‘ஃபோர்ட்டிநைனர்’ படகில் தங்கம் வென்ற ஜோடி. அந்தப் படகின் பெண்கள் பிரிவில்தான் 2018 ஆசிய விளையாட்டில் சிங்கப்பூரின் கிம்பர்லி லிம், சிசிலியா லோ தங்கமும், சென்னையின் வர்ஷா கௌதம், ஸ்வேதா ஷெர்வெகரோடு சேர்ந்து வெள்ளியும் வாங்கினார்கள்.

கேப் ஹார்னைத் தாண்டி அட்லாண்டிக்கில் வடக்கே ஏறினால், நிலநடுக்கோட்டு அமைதி மண்டலம் குறுக்கே கிடக்கும். ஏறக்குறைய நம் ஊர் வானிலைதான். கிராஞ்சி அணைக்கட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: சில பிற்பகல்களில் ஜொகூர் நீரிணை அசையாது, சில நாள் விடியுமுன் சுமத்ராக் காற்று மேற்கிலிருந்து திடுமென வந்து மரங்களை உலுக்கிவிட்டுப் போகும். அந்த அமைதி மண்டலத்தில் முதலில் மாட்டுகிறவர் முந்துகிறவர்தான். அவர் பாய் தொங்கிக் கிடக்கும் நேரத்தில் பின்னால் இருப்பவர் நல்ல காற்றில் ஓடி வருகிறார். ஒரு பிழையும் செய்யாமலே முன்னிலை கரைகிறது. ஆனால் மறுபக்கம் வியாபாரக் காற்றை முதலில் பிடிக்கிறவரும் பெரும்பாலும் அவரே. இடைவெளி ரப்பர் பட்டைபோலச் சுருங்கி நீளும் என்று நம்பத் தெரியாதவருக்கு அந்த இரவுகளில் தூக்கம் ஏது?

எனக்கு இன்னும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. படகுகளின் இருப்பிடம் அவ்வப்போது அறிவிக்கப்படும். துரத்துகிறவர் கிழக்கே ஒதுங்கினால், தன் கணினி மேற்கே போகச் சொன்னாலும் முந்துகிறவர் கொஞ்சம் கிழக்கே சாய்வார். சில கடல் மைல் நஷ்டம்தான். ஆனால் எதிராளிக்கும் முடிவுக்கோட்டுக்கும் நடுவே அவர் படகு நிற்கும்.

இருவர் படகில் முன்னிலைக்கு இன்னொரு சுவை. ஒருவர் சுக்கானருகே, மற்றவர் உறக்கத்தில். பெரிய பாயை மாற்ற இரண்டு பேரும் வேண்டும். கையில் முன்னிலை இருந்தால், சிறிய பாயோடே இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டிக் கூட்டாளியைத் தூங்கவிடலாம்; அந்தச் சலுகை துரத்துகிறவருக்கு இல்லை. புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டின் தில்னாவும் 2024-25-ல் இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’யில் உலகைச் சுற்றியபோதும் தூக்கக் கணக்கு இருந்திருக்கும். துரத்தத்தான் ஆளில்லை.

டிக்கும் பெய்ரோனும் 2011 ஏப்ரல் 4 அன்று, கிட்டத்தட்ட 94 நாள் ஓட்டத்துக்குப் பின் பார்சிலோனாவைத் தொட்டார்கள். ‘மாப்ஃப்ரே’ மறுநாளே வந்துவிட்டது. உலகத்தையே சுற்றியும் நடுவே 23 மணி நேரம்கூட இல்லை.