காற்றுக்கும் பத்திரிகை வைத்த கல்யாணம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகும் வரை, முகூர்த்த நாளென்றால் ரிசார்ட்டுக்கு ரிசார்ட் வாசலில் வாழைமரம் நிற்கும். அழைப்பு வந்தால் போங்கள். போனதும் ரோஜா எத்தனை கூடை, டெக்கரேட்டர் எவ்வளவு வாங்கியிருப்பார் என்ற கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு, மணவறை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். அந்த வீட்டார் கடலைக் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறார்களா, போட்டோவுக்குப் பின்னால் தொங்கும் படுதாவாக வாடகைக்கு எடுத்திருக்கிறார்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நம் வழக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் கிழக்குப் பார்த்து உட்காருவார்கள். வங்கக் கடலும் கிழக்கில்தான். ஆக, முறைப்படி உட்கார்ந்தால் கடல் அவர்களுக்குக் கண்ணெதிரே. எதிரில் நாற்காலி போட்டு உட்காரும் நமக்கு முதுகுப்பக்கம். இதற்காகவே பலர் மணவறையைத் திருப்பிவிடுகிறார்கள். அப்புறம் காலை வெயில் பின்னாலிருந்து அடிக்கிறது, ஜோடியின் முகம் இருண்டுபோகிறது, போட்டோகிராபர் விளக்குக்கு மேல் விளக்காக ஏற்றுகிறார். விஷயம் தெரிந்தவர்கள் பின்தட்டியே இல்லாத நாலுகால் பந்தல் போட்டு, நாற்காலிகளை எதிரே நிறுத்தாமல் இரு பக்கமும் வளைத்துப் போடுகிறார்கள். இளவெயில் நேராக மணப்பெண்ணின் முகத்தில் விழும். மஞ்சள் பூசிய கன்னத்துக்கு அதைவிட நல்ல லைட்டை யாராலும் கொண்டுவந்து மாட்ட முடியாது. (கோவா கல்யாண வீடியோக்களில் சூரியன் கடலில் இறங்குகிறதே என்றால், அங்கே கடல் மேற்கில். அதை நம்பி இங்கே மாலையில் செல்போனோடு கடலைப் பார்த்துக் காத்திருப்பவர்களும் உண்டு.)

அடுத்து காற்று. கோடைக் காலையில் கரைப்பக்கமிருந்து கடலை நோக்கிப் போகும் காற்று, நண்பகல் வாக்கில் திரும்பிக்கொண்டு கடலிலிருந்து வீசும். அதிகாலை முகூர்த்தமென்றால் ஓமப்புகை கடல்பக்கம் போய்விடும். நேரம் தள்ளிப்போனால் அதே புகை பந்தலுக்குள் வந்து விருந்தாளிகளின் கண்ணைக் கசக்கவைக்கும். ஓமகுண்டத்தைச் சுற்றிச் செங்கல்லை ஒரு வரிசை உயர்த்தி அடுக்கியிருந்தால், குத்துவிளக்குக்குத் திரியைத் தடிமனாகப் போட்டுக் கண்ணாடிக் கூண்டு வைத்திருந்தால், யாரோ முந்தின நாளே வந்து அந்த மணலில் நின்று பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஆளைத் தேடிப் பிடித்து ஒரு வார்த்தை பாராட்டுங்கள். பெரும்பாலும் ஒரு தாய்மாமாவாக இருப்பார்.

பூவில் ரோஜா இதழ்தான் முதலில் தோற்கும். உப்புக்காற்றில் ஓரம் கருகும், மிச்சம் பறக்கும். குருத்தோலைக்கு அந்தக் கவலையே இல்லை. தென்னங்குருத்தைக் கீறி, மடித்து, கிளியாகவும் குஞ்சமாகவும் முடைந்த தோரணம் இருந்தால் கிட்டே போய் நில்லுங்கள். ஊசி இல்லை, நூல் இல்லை; ஓலையின் முனையை ஓலையிலேயே செருகியிருப்பார்கள். காற்று வரும்போது எல்லாக் கிளிகளும் ஒரே பக்கம் திரும்பும், மெல்லச் சலசலக்கும். வாசலில் இளநீர்க் குலையும் நுங்குக் குலையும் தொங்கினால் இன்னும் நல்லது. பெண்ணின் ஜடையைப் பாருங்கள்: தாழம்பூ வைத்துப் பின்னியிருக்கிறதா? கடலோரத்திலேயே வளர்கிற செடி அது, அங்கே அதற்கு அந்நியமாக ஒன்றுமில்லை.

நாதஸ்வரத்தைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தெருவில் சாமி புறப்பாட்டோடு நடந்து வளர்ந்த வாத்தியம் அது. ஏசி மண்டபத்தில் மைக் வைத்து வாசிக்கும்போது காதை அறைகிறது. மணல்வெளியில், ஒலிபெருக்கி இல்லாமல், கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுப்பாருங்கள். அலை மோதும்போது துணையாக ஊதும் ஒத்து அமுங்கும், அலை திரும்பியதும் மறுபடி கேட்கும். கெட்டிமேளம் மட்டும் எந்த அலைக்கும் அடங்காது.

மணலை மறைத்துச் சிவப்புக் கம்பளம் விரிப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததில்லை. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் வரும் கல்யாணப் பந்தலில், எங்கிருந்தோ கொண்டுவந்த மணலைப் பரப்பியிருப்பார்கள். இங்கே மணல் சும்மா கிடக்கிறது. தண்ணீர் தெளித்து, தட்டி இறுக்கி, அதன்மேல் மாக்கோலம் போட்டிருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு நடங்கள். (சங்கப் புலவர்கள் கடற்கரைக்கு, அதாவது நெய்தலுக்கு, ஒதுக்கியது இரங்கலை; காதலன் வரவில்லையே என்று புலம்புகிற இடம் அது. அங்கே போய்த் தாலி கட்டிக்கொள்ளும் நம் பிள்ளைகளின் துணிச்சலும் ரசிக்கத்தக்கதுதான்.)

‘பர்சனல் டச்’ வேண்டுமென்று மணமக்களின் பெயர் அச்சடித்த தண்ணீர் பாட்டிலைத் தருகிறார்கள். அதை விடுங்கள், மேலே பாருங்கள். பந்தலின் விதானமாகப் பாட்டியின் பழைய பட்டுச்சேலை கட்டியிருக்கலாம். அரக்கு உடல், மங்கிய ஜரிகை, மடிப்பில் ஓரிடத்தில் இழை விட்டிருக்கும். அது பறந்துவிடாமல் ஓரத்தில் சிறு துணிப்பை தைத்து மணல் நிரப்பியிருந்தால், அந்தத் தையலுக்கு ஒரு கும்பிடு. காற்றில் உப்பிச் சேலை மெல்ல எழுந்து, தானே இறங்கும். வெயில் ஊடுருவி, மணமக்களின் தோளில் அரக்கு நிழல் விழும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உள்ளே, கூரைக்குக் கீழே இலை போட்டால் புத்திசாலிகள். வெளியே போட்டால் சாம்பாரில் மணல் இருக்கும்.

ராத்திரி வரவேற்பில் விளக்கைக் கவனியுங்கள். பௌர்ணமி பார்த்து நாள் வைத்திருந்தால், இங்கே சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா கடலிலிருந்தே எழும்பும். அதற்குப் போட்டியாக லேசர் அடிப்பவர்களை என்ன சொல்ல? இன்னொன்றும் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் திசையைக் கடலென்று நம்பி நடக்கும். தை, மாசி, பங்குனி கல்யாண சீசனும் அதுதான். விளக்குகளைத் தாழ்வாக வைத்து, கடல்பக்கம் வெளிச்சம் போகாமல் மறைத்திருந்தால், அன்றைய அலங்காரத்தில் அதற்குத்தான் என் முதல் மதிப்பெண்.

இதெல்லாம் பணக்காரர் சமாசாரம் என்று தோன்றினால், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போங்கள். பல ஊர்களிலிருந்து இருளர் பழங்குடியினர் குடும்பம் குடும்பமாக வந்து, கடற்கரைக் கோயில் இருக்கும் அதே கரையில் இரவு தங்குவார்கள். சேலைகளைக் கட்டியே தடுப்பு, கூடாரம் எல்லாம். விடியும்போது மணலில் ஏழு படி அமைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். அங்கேயே நிச்சயமும் நடக்கும், கல்யாணமும் நடக்கும். பொழுது புலர்வதற்கு முன்பே போய்விடுங்கள். கேமராவை வெளியே எடுக்குமுன் அங்கிருக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.