மீண்டு வந்த இசைத்தட்டு

இலண்டன் மாநகரின் ஆக்ஸ்ஃபோர்டு வீதியில், 363ஆம் எண்ணுடைய கட்டடத்தில், 1921 ஜூலைத் திங்களில் ஓர் இசைத்தட்டுக் கடை திறக்கப்பட்டது. ஆங்கில இசைமேதை எட்வர்டு எல்கார் விழாவுக்கு வந்து சிறப்பித்தார். கடையின் பெயர் எச்.எம்.வி. குழலின் வாயருகே தலைசாய்த்து அமர்ந்திருக்கும் அந்த நாயின் படத்தை நம் முந்தைய தலைமுறையினர் நன்கறிவர். 2000ஆம் ஆண்டில் அக்கடை அவ்விடத்தை விட்டகன்றது, 2013இல் திரும்பியது, 2019இல் மீண்டும் மூடுண்டது. பின்னர் அதே இடத்தில் அமெரிக்க மிட்டாய்க் கடையொன்று நடந்து வந்தது. 2023 நவம்பரில் மிட்டாய் வெளியேறி, இசைத்தட்டு மறுபடியும் குடிபுகுந்தது.

மேனாட்டு ஏடுகள் இச்செய்தியை மிக்க மகிழ்ச்சியோடு வெளியிட்டன. அதற்குக் காரணமும் உண்டு. பிரிட்டனில் வினைல் இசைத்தட்டு விற்பனை 2007இல் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் என்ற அளவுக்கு வீழ்ந்து கிடந்தது. 2024இலோ 67 இலட்சம் தட்டுகள் விற்றிருக்கின்றன. இறந்துவிட்டதென்று எல்லாரும் கைகழுவிய ஒரு பண்டம் எழுந்து நடப்பதை உலகம் அடிக்கடி காண்பதில்லை. ஆயினும் இக்கொண்டாட்டத்தில் முழுமனத்துடன் கலந்துகொள்ள நம்மால் இயலவில்லை. மீண்டு வந்திருப்பது எது, மீளாமல் நின்றுவிட்டது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய இசைத்தட்டுக் கடை வெறும் விற்பனை நிலையமன்று. கேட்டுப் பார்த்து வாங்கும் இடம் அது. சிறு சிறு தடுப்பறைகள் இருக்கும். வாடிக்கையாளர் ஒரு தட்டைக் கேட்டால் கடைக்காரர் அதைச் சுழலவிடுவார். நின்று கேட்டபின் வாங்கலாம், வாங்காமலும் போகலாம். கையில் காசில்லாத இளைஞர் கூட்டம் ஒரு பிற்பகல் முழுவதையும் அங்கே கழிப்பதும் உண்டு. கல்லாவில் நிற்பவருக்கு எந்தத் தட்டில் எது நன்று என்று சொல்லத் தெரியும். அவருடைய செவியே அக்கடையின் முதல்.

இதற்கு ஒரு சான்று கூறலாம். லிவர்பூல் நகரில் தம் குடும்பத்தாரின் இசைத்தட்டுக் கடையை நடத்திவந்த பிரையன் எப்ஸ்டைன் என்பவர், அன்று பேர்பெறாதிருந்த பீட்டில்ஸ் குழுவினருக்கு மேலாளராய்ப் பொறுப்பேற்றிருந்தார். ஒரு நிறுவனம் அவர்களுடைய பாடல் வேண்டாமென்று தள்ளிவிட்டது. 1962இன் தொடக்கத்தில் அந்த ஒலிநாடாவைத் தட்டாக்கிக்கொள்ளும் பொருட்டு, மேற்சொன்ன ஆக்ஸ்ஃபோர்டு வீதிக் கடைக்கு அவர் வந்தார். தட்டு வெட்டிக் கொடுத்த பணியாளர் தம் வேலையைச் செய்துகொண்டே பாட்டையும் கேட்டார்; நன்றாயிருக்கிறதே என்று அதே கட்டடத்தின் மேல்தளத்திலிருந்த இசை வெளியீட்டாளரிடம் அனுப்பிவைத்தார். அவ்வழியே சென்ற செய்திதான் ஜார்ஜ் மார்ட்டின் என்னும் தயாரிப்பாளரை எட்டியது. அந்தப் பாடல்களின் தகுதி பற்றி நாம் இங்கு வழக்காட வரவில்லை. ஒரு கடைப் பணியாளரின் செவி விழித்திருந்தது என்பதே நாம் சுட்ட விரும்புவது.

அத்தகைய கடைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மறைந்தன. வீதிதோறும் கிளை பரப்பியிருந்த 'அவர் பிரைஸ்' 2004இல் மறைந்தது. தட்டும் நாடாவும் விற்ற உல்வொர்த்ஸ் தன் எண்ணூறுக்கு மேற்பட்ட கடைகளையும் 2009 ஜனவரிக்குள் இழுத்து மூடியது. எச்.எம்.வி.யே 2013இலும் 2018இன் இறுதியிலும் கடனால் நிருவாகிகள் கைக்குப் போய், இருமுறையும் வேறு வேறு முதலாளிகளால் மீட்கப்பட்டது. கார்டிஃப் நகரின் 'ஸ்பில்லர்ஸ்' மட்டும் 1894இல் மெழுகு உருளை விற்கத் தொடங்கியது முதல் இன்றுவரை, இடம் மாறினாலும் தொழில் மாறாமல் நிற்கிறது. உலகிலேயே பழமையான இசைத்தட்டுக் கடை என்ற பெயரும் அதற்குண்டு.

இனி, தட்டின் மறுவருகைக்கு வருவோம். அமெரிக்காவில் வினைல் தட்டு வாங்குவோரை ஆராய்ந்த லூமினேட் என்னும் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஒரு கணக்கு நம்மைத் திடுக்கிடச் செய்தது. தட்டு வாங்குவோரில் பாதிப்பேரிடந்தான் அதைச் சுழற்றும் கருவியே இருக்கிறதாம்! மற்றப் பாதிப்பேர் எதற்கு வாங்குகிறார்கள்? சுவரில் மாட்டவும், அலமாரியில் அடுக்கவும், தம் அபிமானப் பாடகருக்குக் காணிக்கை செலுத்தவும் வாங்குகிறார்கள் போலும். வணிகர் இதை நன்கு புரிந்துகொண்டனர். டெய்லர் ஸ்விஃப்ட் என்னும் பாடகி 2022இல் வெளியிட்ட 'மிட்நைட்ஸ்' தட்டு நான்கு விதமான உறைகளில் வந்தது. நான்கையும் வாங்கிப் பின்புறத்தைச் சேர்த்து வைத்தால் ஒரு கடிகாரம் உருவாகுமாம். பாட்டு ஒன்று, தட்டு நான்கு! இதற்கு நம் மார்க்க வழக்கில் வீண்விரயம் என்பதன்றி வேறு பெயர் கிடையாது. உண்ணாத சோற்றை நான்கு தட்டில் பரிமாறி வைப்பதைப் போன்றது இது.

இவ்வளவு கூறியதால் வினைல் தட்டையே நாம் வெறுப்பதாக எண்ண வேண்டாம். அதற்குரிய பெருமையைச் சொல்லியே ஆக வேண்டும். கைப்பேசியில் பாட்டு ஓடிக்கொண்டேயிருக்கிறது. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. தட்டோ அவ்வாறன்று. உறையிலிருந்து எடுக்க வேண்டும். தூசி துடைக்க வேண்டும். முள்ளை மெல்ல இறக்க வேண்டும். இருபது நிமிடங் கழிந்தால் எழுந்துபோய்ப் புரட்டிப் போட வேண்டும். இந்த உழைப்பே கேட்பவனைக் கேட்க வைக்கிறது. அத்துடன் பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என யார் யாருக்கு எப்பங்கு என்பது நடுவட்டத்திலோ உறையிலோ அச்சாகியிருக்கிறது. சிறு கடைகளைக் காக்க 2008 முதல் ஆண்டுதோறும் நடத்தப்படும் இசைத்தட்டுக் கடை நாளும் நல்ல ஏற்பாடே. விடியுமுன் வரிசையில் நின்று அரிய தட்டை வாங்கி, மாலைக்குள் இருமடங்கு விலைக்கு விற்றுவிடும் ஆசாமிகளை அந்நாள் வளர்த்துவிட்டிருப்பது வேறு கதை.

கேட்டல் என்பது ஒரு ஒழுக்கம். இதை நம்மைவிட நன்கறிந்த சமுதாயம் இராது. ஒலிப்பதிவுக் கருவி தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, அதன் வழியாகத் திருக்குர்ஆன் ஓதலைக் கேட்பது குறித்து உலமாக்களிடையே கேள்வி எழுந்துவிட்டது. ஜாவாத் தீவின் பத்தாவியாவில் நடந்த அவ்விவாதத்தை டச்சு அறிஞர் ஸ்நூக் ஹுர்க்ரோன்யே 1900இல் 'இஸ்லாமும் ஃபோனோகிராபும்' என்ற கட்டுரையில் எடுத்தெழுதினார். மேல்நாட்டார் அதைப் பழைமைவாதம் என்று நகைத்திருக்கலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒரு பொறியிலிருந்து ஓசை வருகிறது. அப்பொழுது கேட்பவனுடைய நிலை என்ன, அவன் பேணவேண்டிய அதபு என்ன? அக்கேள்வியை எழுப்பியவர்கள் அப்பொறியைச் செய்தவர்களைவிட ஆழ்ந்து சிந்தித்தவர்கள். அதே பொறி நமக்குப் பணியாற்றவும் செய்தது. எகிப்தில் காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியின் முழுக் குர்ஆன் ஓதல் 1961இல் தட்டுகளாக வெளிவந்து நாடுகள் பலவற்றுக்கும் சென்றது. அதை வாங்கியவர் எவரும் சுவரில் மாட்டுவதற்காக வாங்கியிருக்க மாட்டார்.

இலண்டன் கடையிலிருந்து நம் ஊர்களுக்கு ஒரு நேர்வழி உண்டு. அக்கடையை அன்று நடத்திய கிராமபோன் கம்பெனியே கல்கத்தாவை அடுத்த டம்டமில் தொழிற்சாலை வைத்துத் தட்டு அச்சிட்டது. பழைய தட்டின் உடம்பு நம் நாட்டு அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளின் மரங்களில் அரக்குப் பூச்சி விட்ட பிசினே கற்பொடியோடு கலந்து உலகெங்கும் பாடியது. 1948இல் வினைல் நெடுந்தட்டு வந்தபின் மேனாட்டார் அரக்குத் தட்டை மெல்லக் கைவிட்டனர். நம் நாட்டிலோ 1960களிலும் அது வெளிவந்தது. அதனால் ஒரு விந்தை நேர்ந்தது. டம்டமில் அச்சான பீட்டில்ஸ் பாடல்களின் அரக்குத் தட்டுகளை மேனாட்டுச் சேகரிப்பாளர்கள் பெரும்பொருள் கொடுத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே எச்.எம்.வி. முத்திரையோடுதான் நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்களின் பாடல்களும் வந்தன. நபிபுகழ் பாடிய தட்டின் நடுவிலும் அந்த நாய்தான் அமர்ந்திருந்தது. நம் பெரியவர்கள் பாட்டுக்காக அதைப் பொறுத்துக்கொண்டார்கள். திருமண வீடுகளிலும் கந்தூரிப் பந்தல்களிலும் ஒலிபெருக்கி கட்டியவர்கள் முதலில் வைத்த தட்டு அவருடையதே. 2015இல் அவர் மறைந்தார். அவர் குரல் இன்று எல்லாக் கைப்பேசியிலும் கேட்கிறது. ஆனால் அப்பாடலை இயற்றியவர் யார் என்று கேட்டால், இளையோர் பலருக்கு விடை தெரியாது. கைப்பேசியில் பாடகர் பெயர் வரும். பாவலர் பெயர் பெரும்பாலும் வராது. வந்தாலும் வேறொருவர் பெயராய் இருப்பதுண்டு. பாட்டெழுதிய கையைத் தட்டின் நடுவட்டம் அறியும். நூலாக வெளிவராத எத்தனையோ பாடலுக்கு அவ்வட்டமே எஞ்சிய ஆவணம்.

தட்டு திரும்பி வந்துவிட்டது என்று இலண்டனில் விழா எடுக்கும் இக்காலத்தில், நம் வீடுகளின் பரணில் கிடந்தவை பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போகின்றன. வாங்கிச் செல்லும் சேகரிப்பாளர் சிலரும் அவற்றை உறைக்குள் பூட்டிவைத்து விலை ஏறக் காத்திருப்பதாக அறிகிறோம். கேட்காத தட்டுக்கு அங்கும் இங்கும் ஒரே கதிதான்.

சுழற்றும் கருவி இல்லை, வைத்துக்கொள்ள இடமில்லை என்போரை நாம் குறை கூறவில்லை. தட்டைக் கொடுத்தனுப்புமுன் அதன் எண், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் ஆகிய விவரங்களை ஒரு தாளில் பெயர்த்தெழுதி இவ்வேட்டின் முகவரிக்கு அனுப்பிவைத்தால், வரும் திங்கள்களில் அவற்றைப் பட்டியலாக வெளியிட ஆவன செய்வோம். விளிம்பு உடைந்த தட்டானாலும் நடுவட்டம் படிக்கக் கூடியதாயிருந்தால் போதும்.