முகமும் முத்திரையும்

உருவப்படம் உள்ளதை உள்ளபடியே காட்டும் என்பது பொதுவான நம்பிக்கை. படம் பிடித்தவர் யார், பிடிக்கப்பட்டவர் யார், எந்த நோக்கத்திற்காகப் பிடிக்கப்பட்டது என்னும் மூன்று வினாக்களை எழுப்பினால் அந்த நம்பிக்கை தளர்ந்துவிடும். புகைப்படம் ஆகுமா, ஆகாதா என்னும் ஃபிக்ஹு ஆய்வு இங்கு நம் பொருளன்று. உலமாப் பெருமக்கள் அதனை விரிவாகப் பேசியுள்ளனர். படத்துள் அடங்கிவிட்ட மனிதனுக்கு நேர்ந்தது யாது என்பதே நம் பொருள்.

பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா, க்ளேர் ஆர்னி என்னும் புகைப்படக் கலைஞருடன் இணைந்து 2000 முதல் 2004 வரை ஒரு படத்தொடரை உருவாக்கினார். தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள், அவர்தம் நடைமுறைகள், பழக்கவழக்கங்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். ரவிவர்மாவின் நிலவொளி நங்கை, ஆங்கிலேயர் அளவெடுத்த தோடர் குலப் பெண், தமிழ்த் திரைப்பட நாயகி, கைதாகிச் செய்தித்தாளில் இடம்பெற்ற பெண் எனப் பல வேடங்களையும் புஷ்பமாலா தாமே புனைந்து நின்றார். திரைச்சீலையும் ஒப்பனையும் ஆயத்தமாவதைக் காட்டும் படங்களும் அத்தொடரில் உண்டு. இயற்கை என்று நாம் நம்பியிருந்த 'வகை' ஒரு கூடத்தில் செய்து முடிக்கப்பட்ட பொருள் என்பது அவற்றால் புலனாகிறது. சோமனூர்த் தறியிலிருந்து இறங்கும் காடாத் துணிக்குச் சாயப்பட்டறையே நிறம் ஏற்றுகிறது. ஏற்றிய நிறத்தையே நூலின் பிறவிக்குணம் என்று ஒருவர் சொன்னால் நம் ஊரார் நகைப்பர் அன்றோ!

இத்தகைய நிறமேற்றலை அரசே முன்னின்று நடத்தியதுண்டு. 'இந்திய மக்கள்' என்னும் ஆங்கிலப் படத்தொகுப்பு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் மூக்கையும் தலையையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். லெப்பை, மரைக்காயர் ஆகிய நம்மவர்க்கும் அவற்றில் தனித்தனித் தலைப்புகள் உண்டு. அக்காலத்து இத்தகைய படங்கள் பலவற்றின் கீழே குலத்தின் பெயர் இருக்கும். ஆளின் பெயர் இராது.

புஷ்பமாலாவின் பணியைப் பாராட்டும் நாம் அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அவர் விரும்பி வேடம் புனைந்தார், விரும்பியபோது களைந்தார். அளவுகோலின் முன் நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு அவ்வுரிமை வாய்க்கவில்லை. அல்ஜீரியாவில் 1960இல் பிரெஞ்சு இராணுவம் அடையாள அட்டைக்கென்று கிராமத்துப் பெண்களின் முகத்திரையைக் களையச் செய்தது. மார்க் காரஞ்ஜே என்னும் போர்வீரர் பத்தே நாள்களில் ஏறத்தாழ 2,000 பேரைப் படம் பிடித்தார். அப்பெண்களின் விழிகளில் எரியும் சினம் இன்றும் தணியவில்லை. தானே மாறுவது கலை. பிறர் மாற்றுவது கொடுமை. அந்த வேறுபாட்டைப் புஷ்பமாலாவின் நகை உணர்வு சில இடங்களில் மறைத்துவிடுகிறது என்பது நம் கருத்து.

அரபி இலக்கணம் இங்கு நமக்கு ஒரு தெளிவைத் தருகிறது. மனிதர் பல குலத்தாராகவும் கிளையாராகவும் படைக்கப்பட்டதன் காரணத்தைக் கூறும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம், அறிதலைக் குறிக்கத் 'தஆருஃப்' என்னும் வடிவைக் கையாள்கிறது. ஸர்ஃபு பயின்றோர் அறிவர்: இவ்வடிவம் இருதரப்பும் சேர்ந்து செய்யும் வினையைக் குறிப்பது. நான் உம்மை அறிய, நீரும் என்னை அறிய வேண்டும். காமிராவின் பின்னே ஒளிந்துகொண்டு ஒருவர் மட்டும் மற்றவரை அறிவது தஆருஃப் ஆகாது.

தமிழ்த் திரைப்படங்களில் பல்லாண்டுகளாக நம்மவர்க்கு வாய்த்த வேடம் வாசகர் அறிந்ததே. தொப்பி, கைலி, அகன்ற பச்சை வார், 'நம்பள்கி, நிம்பள்கி' என்னும் கொச்சைப் பேச்சு! சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் மொழியே நம் தாய்மொழி என்பதை அவ்வேடம் மறைத்துவிட்டது. அதைக் கண்டு நாம் வருந்துவது நியாயமே.

ஆனால், சோமனூர் முதல் திருப்பூர் வரை தறிக்கும் பின்னலாடைக்கும் வந்து உழைக்கும் வடமாநிலத்தாரை நம்மவர் எங்ஙனம் காண்கின்றனர்? அவர்களுள் கலிமாச் சொன்னவர்களும் உளர். ஜும்ஆவில் நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவரை, வாயில் கடந்ததும் 'வடக்கத்தியான்' என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவர் முகம் பதிந்த ஆதார் நகல் முதலாளியின் கோப்பில் இருக்கிறது. அவர் பெயர் நம் நாவில் இல்லை. தர்ஸ்டனின் தொகுதிகளைக் குறை கூறுவோர் தம் மனத்திலுள்ள தொகுதியையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். வரும் வெள்ளியன்று பக்கத்தில் நிற்பவரிடம் ஸலாமுடன் பெயரும் ஊரும் கேட்போம். நம் பெயரையும் ஊரையும் சொல்வோம். தஆருஃப் அங்கிருந்து தொடங்கட்டும். அல்லாஹ் அருள்புரிவானாக!