கட்டத்தோடு பூ சேருமா?

புதுச் சேலையைப் பையில் போட்டுக்கொண்டு மேட்சிங் சென்டருக்குப் போவது, டூ பை டூ துணியில் பத்து விதப் பச்சையைப் பிரித்துக் காட்டச் சொல்வது, டியூப் லைட்டில் ஒத்துப்போன நிறம் வெயிலிலும் ஒத்துப்போகிறதா என்று கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பது... தமிழ்நாட்டில் சேலை உடுத்தும் பெண்களுக்கு இது நன்கு பழகிய வேலை. இன்று பலர் அதை விட்டுவிட்டார்கள். கட்டம் போட்ட கண்டாங்கிக்குக் கலம்காரி ரவிக்கை, கோடு போட்ட பருத்திச் சேலைக்கு இக்கத், சுங்குடிப் புள்ளிக்கு அஜ்ரக் என்று அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் இயல்பாக உடுத்திப் போகிறார்கள். வெவ்வேறு வடிவங்களை ஒன்றாகச் சேர்க்கும் இந்தப் பழக்கம் நல்ல பழக்கம்தான். ஆனால் எங்கே சேர்ப்பது, எதைச் சேர்ப்பது என்ற கேள்விகளைப் பலர் கேட்டுக்கொள்வதில்லை.

முதலில், இது புதிய துணிச்சல் அல்ல. காஞ்சிபுரம் பட்டை விரித்துப் பார்த்தால் போதும். உடலில் பாலும் பழமும் கட்டம், கரையில் தாழம்பூ ரேக்கு, முந்தியில் மாங்காயும் கோடும் என்று ஒரே சேலையில் மூன்று நான்கு வடிவங்கள் கூடியிருக்கும். கோர்வை முறையில் உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடுவதால், உடலுக்குத் துளியும் தொடர்பில்லாத நிறத்தைக் கரைக்குத் தர முடிகிறது. நெசவாளர் இவற்றை விருப்பம்போல் அள்ளிப் போடுவதில்லை. கட்டம் நெருக்கமாக இருந்தால் கரை அகன்று நிற்கும். முந்தி பேசும் இடத்தில் உடல் அடங்கியிருக்கும். ஒரு தலைமுறைக்கு முன்வரை பாட்டிமார்கள் கரைச் சேலைக்குப் பூப்போட்ட சீட்டி ரவிக்கையை யோசிக்காமல் அணிந்தார்கள். கட்டம் போட்ட லுங்கிக்குக் கோடு போட்ட சட்டை அணிந்து டீக்கடைக்கு நடக்கும் ஆணிடம் யாரும் பொருத்தம் கேட்டதில்லை.

பழக்கத்தின் பெரிய பலம் சிக்கனம். ஐந்து சேலைக்கு ஐந்து மேட்சிங் ரவிக்கை என்றால் ஐந்து உடைகள்தான். எல்லாவற்றோடும் சேரும் மூன்று ரவிக்கைகள் இருந்தால் பதினைந்து. இன்னொரு பலன், நாள்பட உடுத்துபவர்களுக்கே தெரியும். பருத்திச் சேலையும் ரவிக்கையும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. பத்துச் சலவைக்குப் பிறகு மேட்சிங் என்று வாங்கியது அரைகுறை மேட்சிங்காகி, முழுப் பொருத்தமும் இல்லாமல் மாறுபாடும் இல்லாமல் நிற்கும். வேண்டுமென்றே மாறுபட்ட ரவிக்கைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அம்மாவின் பழைய சேலை கிழியாமல் இருக்கும், அதன் ரவிக்கை மகளுக்குச் சேராது. அந்தச் சேலையை அலமாரியிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் இந்தக் கலவைதான்.

கண்ணுக்கு இதமான கலவைகளில் ஓர் ஒழுங்கு உண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கியையே எடுத்துக்கொள்ளலாம். மாம்பழ மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு, பெரிய கட்டம், அகன்ற கரை: அது ஓங்கிய குரல். சிவப்பும் கறுப்பும் கலந்த பொடிப்பூக் கலம்காரி அதன் அருகில் அழகாக அடங்கும். ஒரு நிறம் இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது, வடிவங்களின் அளவு வேறாக இருக்கிறது. அதே சேலைக்கு அதே அளவு கட்டம் போட்ட ரவிக்கை அணிந்தால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். வீட்டுக் கண்ணாடியில் தெரியும் நுண்கோடு பத்தடி தள்ளி வெறும் நிறமாகிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மெல்லிய கோடுகள் கேமரா முன் அலையலையாக நெளிந்து தெரியும். வீடியோ கூட்டங்களில் உட்காருபவர்களுக்கு இது நடைமுறைத் தொல்லை.

குறைகள் பெரும்பாலும் சந்தை வழியாக வருகின்றன. எந்தச் சேலைக்கும் கலம்காரி பொருந்தும் என்ற எண்ணம் பரவியதும், கலம்காரி என்ற சொல்லே மலிந்துவிட்டது. ஸ்ரீகாளஹஸ்தியில் கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில் மூங்கில் எழுதுகோலால் வரைகிறார்கள். இரும்பும் வெல்லமும் புளித்த சாற்றில் கறுப்பு பிறக்கிறது. மசூலிப்பட்டினத்தில் நிறத்துக்கு ஒரு மர அச்சு. இந்த உழைப்பின் உருவத்தை மட்டும் நகலெடுத்த இயந்திர அச்சுத் துணி, கடையில் அதே பெயரில் தொங்குகிறது. திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் பின்பக்கம் வெளிறியிருக்கும். மலிவான அச்சுத் துணியை வாங்குவது தவறல்ல. அதைக் கைவினை என்று சொல்லி விற்பதுதான் தவறு. வரைபவருக்குச் சேர வேண்டிய விலையை அது கீழே இழுக்கிறது.

வெட்டும் மேசையிலும் ஒரு பிழை நடக்கிறது. கலம்காரி கோயில் திரைச்சீலைகளாகக் கதை சொன்ன கலை. அதில் முகங்கள் இருக்கும், மயில்கள் இருக்கும். எண்பது சென்டிமீட்டர் துணியில் முன்பாகம், முதுகு, கை எல்லாம் எடுக்க வேண்டிய தையல்காரர் வடிவத்தைப் பார்த்து வெட்ட இடமில்லை. விளைவு, அக்குளில் பாதி முகம், தையலில் அறுந்த கழுத்து. உருவம் உள்ள துணி வாங்குபவர் கூடுதலாக ஒரு கால் மீட்டர் வாங்குவதும், உருவம் எங்கே வர வேண்டும் என்று சாக்பீஸால் குறித்துக் கொடுப்பதும் அந்தக் கலைக்குச் செய்யும் மரியாதை.

சாயம் இன்னொரு சிக்கல். கெட்டிப்படாத சிவப்பும் அவுரி நீலமும் சென்னையின் வியர்வையில் வெளிர் சேலையின் தோள்பட்டையில் இறங்கிவிடும். அடர் நிற ரவிக்கையை இரண்டு மூன்று முறை தனியாக அலசிய பிறகே வெளிர் பருத்தியோடு சேர்ப்பது நல்லது. பட்டோடு சேர்ப்பதென்றால் இன்னும் கவனம் வேண்டும்.

பட்டு என்று வரும்போது இந்தப் பழக்கத்தின் எல்லையும் தெரிகிறது. கண்டாங்கி, சுங்குடி போன்ற அன்றாடப் பருத்திகள் வெளியிலிருந்து வரும் வடிவத்தை ஏற்கும். கட்டமும் ரேக்கும் மாங்காயும் நிறைந்த காஞ்சிப் பட்டில் சேர்க்கையை நெசவாளர் தறியிலேயே முடித்துவிட்டார். அதன்மேல் இக்கத் ரவிக்கை அணிந்தால் மூன்று நாடா ஓட்டி அவர் பிரித்துக் காட்டிய கரை, யார் கண்ணிலும் படாமல் போகிறது. அந்தச் சேலைக்கு அவர் கடைசியில் நெய்து கொடுத்த, பெரும்பாலும் வெட்டி அலமாரியில் போடப்படும், கரை நிற ரவிக்கைத் துண்டைத் தைத்துப் பார்க்கலாம்.